பிறந்த பிள்ளையைச் சோதிப்பது: உங்கள் கேள்விகளுக்கு ஒரு செவிலியரின் பதில்கள்

காரைக்குடியிலிருந்து: அக்கா, பிள்ளை பிறந்ததும் நர்ஸம்மா உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்த்தார். அப்படி என்னதான் பார்ப்பீர்கள்?

இருபத்தெட்டு வருடம் பிரசவ வார்டில் இதுதான் என் வேலை. முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன். சில்லென்று தொட்டால் பிள்ளை வீறிடும், அப்புறம் நெஞ்சில் எதுவும் கேட்காது. அது சும்மா கிடக்கும்போதே மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிவிட வேண்டும். 30 முதல் 60 வரை சரி. இதயத் துடிப்பு 110 முதல் 160. பிறகு உச்சிக்குழி, கண், முதுகுத்தண்டு, மலத்துவாரம். வாயில் சுண்டுவிரலை விட்டு அண்ணத்தைத் தடவுவோம். பிளவு இருந்தால் பெரும்பாலும் தட்டுப்படும், பிள்ளை சப்புகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் பால் மூக்கு வழியாக வந்தபோதுதான் உறைத்தது. தொடையை மடக்கி விரித்து இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று பார்ப்பது கடைசியில்தான். அதற்கு எந்தப் பிள்ளையும் அழும்.

தேவகோட்டையிலிருந்து: தலை கூம்பாக இருக்கிறது. அப்பத்தா எண்ணெய் வைத்து அமுக்கிவிடச் சொல்கிறார்.

அமுக்க வேண்டாம். நெருக்கிக்கொண்டு வெளியே வந்த தலை, சில நாளில் தானே உருண்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் புடைத்து நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, அப்பத்தா கோபித்தாலும் சரி.

பள்ளத்தூரிலிருந்து: புட்டத்தில் நீலத் திட்டு இருக்கிறது. அடி பட்டிருக்குமோ?

இல்லை. நம் பிள்ளைகளுக்குச் சகஜம். வளர வளர மங்கிவிடும்.

கானாடுகாத்தானிலிருந்து: மஞ்சள் காமாலையை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

உள் அறை பல்பு வெளிச்சத்தில் எல்லாப் பிள்ளையும் மஞ்சள்தான்! பகலில் வளவுக்கு, அதாவது வீட்டு நடு முற்றத்துக்கு, தூக்கி வாருங்கள். வெயில் படாமல் தூண் ஓரமாக உட்கார்ந்து, மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் நெஞ்சு, வயிறு, கால் என்று இறங்கிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து முகத்தில் லேசாக வருவது பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரி. வெயிலில் காட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பார்க்கும்போது பிள்ளையை மஞ்சள் பட்டில் சுற்றி வைக்காதீர்கள், வெள்ளை வேட்டித் துணி போதும்.