எழுப்புதல் கூட்டம் முடிந்ததும் சபை ஏன் பழையபடியே ஆகிவிடுகிறது?

நீங்கள் ஒரு சேகரக் கமிட்டியில் (சில சபைகள் சேர்ந்த சேகரத்தை நிர்வகிக்கும் குழுவில்) இருந்து, விசுவாசத்தை மறுபடி தூண்டும் எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தல் போட்டு, கணக்கு முடித்து, மறு ஞாயிறு ஆலயத்தைப் பார்த்து மனம் சோர்ந்துதான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நான் இத்தகைய கன்வென்ஷன் கூட்டங்களுக்கு விரோதி அல்லன். அவற்றில் மனந்திரும்பியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் எங்கள் சபை புதுப்பிக்கப்பட்டதை நான் கண்டது ஒரு வீட்டுத் திண்ணையில்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமம். சேகரத் தேர்தலில் எதிரெதிராக நின்ற என் பெரியப்பாவும் அவருடைய பங்காளியும் பிறகு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கும் போனார்கள். இருவரும் ஞாயிறு தவறமாட்டார்கள். திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க ஒருவர் முழங்கால்படியிட்டு எழுந்து போகும்வரை மற்றவர் பெஞ்சைவிட்டு அசையமாட்டார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து ஒன்றில் வீட்டு ஜெபங்களை நடத்திய ஓய்வுபெற்ற உபதேசியார் (சபையில் போதிக்கும் ஊழியர்), பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களாகப் பார்த்து, ஒருவர் வீட்டு ஜெபத்தில் மற்றவர் வேதம் வாசிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். பெரியப்பாவுக்குக் கிடைத்தது மத்தேயு 5:23, 24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகச் சொல்லும் பகுதி. பாதியில் அவருக்குக் குரல் வரவில்லை. பங்காளியின் தாயார், பெரியப்பாவுக்குச் சித்தி முறை, "மிச்சத்தையும் வாசிய்யா" என்றார். ஈஸ்டருக்குள் வழக்கு வாபஸ் ஆயிற்று. சர்வேயர் அளந்து கல் நட்டபோது பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் போனது, அவர் வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற வீடுகளிலும் பழைய கடன்கள் பேசித் தீர்க்கப்பட்டன.

இது வெறும் பஞ்சாயத்து, ஆவியானவரின் கிரியை அல்ல என்று சிலர் எழுதக்கூடும். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னார் என்பதை அவர்கள் லூக்கா 19-இல் பார்த்துக்கொள்ளட்டும். 1860-இல் தமிழ் நற்செய்தியாளர் அருளப்பனின் ஊரான கிறிஸ்தியான்பேட்டையில் எழுந்த எழுப்புதலிலும் மக்கள் அழுது பாவ அறிக்கை செய்தார்கள். அதன் உணர்ச்சிப் பெருக்கைச் சந்தேகித்த மிஷனரிகளும் இருந்தார்கள். இன்று மேடைகளில் அந்த அழுகையை மட்டும் எடுத்துப் பேசுகிறோம்.

சேகரத் தேர்தலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்களை அணி அணியாகப் பிரித்துவிட்டு, பிறகு ஒருமனதுக்காக உபவாச ஜெபம் வைப்பது எனக்குப் புரியவே இல்லை. ஒப்புரவான பிறகும் பெரியப்பா பங்காளிக்கு ஓட்டுப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சபையில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது சபை ஊழியருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்த லெந்துக்கு வீட்டு ஜெபப் பட்டியல் எழுதும்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.