மேலே போனது திரும்பி வர வேண்டுமே: முதல் மாடல் ராக்கெட் – கேள்வி பதில்

கோடை விடுமுறை தொடங்கியதும் அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் பிள்ளைகள் கையில் ஒரு ராக்கெட் கிட் வந்து சேர்ந்துவிடுகிறது. பிறந்தநாள் பரிசாகவோ, ஹாபி கடையில் அடம்பிடித்தோ. கூடவே பெற்றோரின் கேள்விகளும் வரும். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் எஸ்டெஸ் ஆல்ஃபா போன்ற சின்ன கிட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அட்டைக் குழாய், மூக்குக் கூம்பு, மூன்று நான்கு துடுப்புகள், ஒரு பாராசூட், அவ்வளவுதான்.

டாலஸிலிருந்து ஓர் அப்பா: மோட்டார் பாக்கெட்டில் ஏ8-3, பி6-4, சி6-7 என்று போட்டிருக்கிறது. எது எதற்கு? பையன் சி தான் வேண்டும் என்கிறான்.

மோட்டார் என்பது ராக்கெட்டைத் தள்ளும், கரும்பொடி என்ற வெடிமருந்து அடைத்த சின்னக் குழல். அதன் பெயரில் முதல் எழுத்து மொத்த சக்தி. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச அளவு இரட்டிப்பாகும்: ஏ என்றால் 2.5 நியூட்டன்-வினாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. நடுவில் இருக்கும் எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண்ணைத்தான் பலரும் கவனிப்பதில்லை. எரிந்து முடிந்தபின் எத்தனை வினாடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் என்பது அது. அந்த இடைவெளியில் ராக்கெட் புகைவிட்டுக்கொண்டே வேகம் குறைந்து உச்சிக்குப் போகும். சீக்கிரம் திறந்தால் வேகத்தில் பாராசூட் கிழியும். தாமதமானால் தலைகீழாக விழும்போது திறக்கும், அல்லது தரையில் மோதியபின்! கனமான ராக்கெட்டுக்குக் குறைந்த தாமதம் வேண்டும். கிட் உறையில் எந்த மோட்டார் என்று பட்டியல் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். 0 என்று முடிவதை வாங்கவே வேண்டாம். அது இரண்டு அடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கானது, பாராசூட்டைத் தள்ளும் மருந்தே அதில் கிடையாது.

பையனுக்கு முதல் நாள் ஏ8-3 மட்டும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 12 அங்குலப் பாராசூட்டில் சின்ன ராக்கெட் வினாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வீதம் இறங்கும். ஏ மோட்டாரில் 100 மீட்டர் போனால் இறங்க 25 வினாடி. மணிக்கு 10 மைல் காற்றில் அதற்குள் 110 மீட்டர் தள்ளிப் போய்விடும். சி போட்டு 300 மீட்டர் போனால் 75 வினாடி, 340 மீட்டர். அதாவது பக்கத்துத் தெரு, யாரோ ஒருவர் வீட்டுக் கூரை. மேலே அனுப்புவது மோட்டாரின் வேலை, அதை அது ஒழுங்காகச் செய்துவிடும். திரும்ப வரவழைப்பதுதான் நம் வேலை, கிட்டில் நாம் ஒட்டுவதில் பாதி அதற்காகத்தான்.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து: அண்ணா, மோட்டாரைத் தாங்கும் பிடிப்பானைப் பசை தடவிக் குழாய்க்குள் தள்ளினேன், பாதி வழியில் சிக்கிக்கொண்டது. வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

மர வேலைக்கான பசை அட்டைமேல் பட்டால் சில வினாடியில் பிடித்துவிடும். பிடிப்பானின் வளையம் மேல் தடவாமல், அது போய் நிற்க வேண்டிய இடத்தில் குழாயின் உட்புறத்தில் ஒரு குச்சியால் பசை பூசி, நிறுத்தாமல் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். எதுவரை என்று முன்பே பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது சிக்கியது அப்படியே இறுகியிருந்தால் இழுத்துக் குழாயைக் கிழிக்காதீர்கள். புதுக் குழாய் வாங்குவதே மேல்.

ஓர் அம்மா: துடுப்புகள் ஒட்டி நிற்கவே மாட்டேன் என்கின்றன. சூப்பர் க்ளூ போடலாமா?

வேண்டாம், மரப்பசையே போதும். பால்சா துடுப்பின் விளிம்பிலும் குழாயில் குறித்த கோட்டிலும் மெல்லியதாகப் பசை பூசி ஓரிரு நிமிடம் காய விடுங்கள். அப்புறம் இன்னொரு முறை லேசாகத் தடவி வைத்துப் பிடித்தால் உடனே கவ்விக்கொள்ளும். காய்ந்தபின் இரண்டு பக்கமும் மூலையில் பசையை விரலால் இழுத்துவிடுங்கள். தரையில் மோதும்போது அந்த ஓரப்பூச்சுதான் காப்பாற்றும். இன்னொன்று: பலகையிலிருந்து நீங்களே வெட்டுவதாக இருந்தால், மரத்தின் இழை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடினால் பிஸ்கட் மாதிரி ஒடியும்.

சான் ஹோசேயிலிருந்து ஒரு மாணவி: என் ராக்கெட் நேராகப் போகுமா என்று ஏவாமலே எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி. ராக்கெட்டின் எடை மையம் முன்னால் இருக்க வேண்டும். காற்றழுத்தம் மொத்தமாகச் செயல்படும் மையம் அதற்குப் பின்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது தள்ளி இருக்க வேண்டும். துடுப்புகள் இருப்பது அந்த இரண்டாவது மையத்தைப் பின்னுக்கு இழுக்கத்தான். சோதிக்க, புது மோட்டார், பாராசூட் எல்லாம் வைத்து, ஒரு நூலைக் கட்டி ராக்கெட் சமமாகத் தொங்கும் இடத்தைக் கண்டுபிடி. நூல் நழுவாமல் டேப் ஒட்டி, தலைக்கு மேல் வட்டமாகச் சுற்று. மூக்கு முன்னோக்கிப் போனால் சரி. பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ போனால் மூக்குக் கூம்புக்குள் கொஞ்சம் களிமண் வைத்து மறுபடி பார். மோட்டார் இல்லாமல் சோதிப்பது வீண், வாலில் கனமே அதுதான். கிட்டில் சொன்னபடியே கட்டியிருந்தால் இது தேவையில்லை. துடுப்பை உன் இஷ்டத்துக்கு வெட்டினால் கட்டாயம் செய்.

பாராசூட் உருகி ஒரே கட்டியாக வந்தது. ஏன்?

வாடிங், அதாவது பாராசூட்டைச் சூட்டிலிருந்து காக்க மோட்டாருக்கும் அதற்கும் நடுவே வைக்கும் தாள், போதவில்லை. தீப்பிடிக்காத அந்தத் தாளில் மூன்று நான்கைத் தளர்வாகக் கசக்கி, குழாயை அடைக்கும்படி, ஆனால் திணிக்காமல் வைக்க வேண்டும். சாதாரண டிஷ்யூ பேப்பர் கூடாது, எரிந்துகொண்டே புல்லில் விழும். குளிர்நாளில் பிளாஸ்டிக் பாராசூட் விறைத்து விரியாது. கொஞ்சம் குழந்தைப் பவுடர் தூவி மடியுங்கள், ஏவுவதற்குச் சற்று முன்புதான் மடிக்கவும் வேண்டும். மூக்குக் கூம்பு இறுக்கமாக இருந்தாலும் இதே கதிதான், கையால் இழுத்தால் எளிதாக வர வேண்டும்.

சிகாகோ புறநகர்: வீட்டுக்குப் பின்னால் கால்பந்து மைதானம் இருக்கிறது. அங்கேயே ஏவலாமா? அனுமதி வேண்டுமா?

ராக்கெட்டின் மொத்த எடை 1,500 கிராமுக்கும் மோட்டார் மருந்து 125 கிராமுக்கும் மிகாமல், காகிதம், மரம், பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால் மத்திய விமானத் துறையின் தனி அனுமதி தேவையில்லை. விமானங்களுக்கு இடையூறு செய்யக் கூடாது என்பது எப்போதும் உண்டு. ஆனால் பூங்கா விதி, தீயணைப்புத் துறை விதி ஊருக்கு ஊர் மாறும். முதலில் மைதானத்துக்குப் பொறுப்பானவரிடமும் தீயணைப்பு நிலையத்திலும் கேட்டுவிடுங்கள்.

தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு நெறிப்படி, ஏவுமிடத்தின் குறுகிய பக்கம் ஏ மோட்டாருக்கு 100 அடி, பி-க்கு 200, சி-க்கு 400 அடி இருக்க வேண்டும். சாதாரணக் கால்பந்து (சாக்கர்) மைதானத்தின் அகலம் 200 அடியைச் சுற்றித்தான் இருக்கும். ஏ தாராளம், பி இழுபறி, சி கிடையாது. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் கிட்டை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். என்னைக் கேட்டால் 10 மைலுக்கே யோசிப்பேன். ஏவுதளத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லை அகற்றி, ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். எல்லோரும் குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும்.

பட்டனை அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை. பையன் ஓடிப்போய்ப் பார்க்கிறான்...

ஓடவே கூடாது. ஏவும் பட்டன் பெட்டியின் சாவியைக் கழற்றி, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து அப்புறம்தான் கிட்டே போக வேண்டும். காரணம் அநேகமாக இக்னைட்டராக, அதாவது மோட்டாரைப் பற்றவைக்கும் கம்பியாக இருக்கும். அதன் நுனி மோட்டார் துளைக்குள் கடைசிவரை போய் மருந்தைத் தொட்டிருக்காது. அல்லது அதில் மாட்டும் இரண்டு கிளிப்களும் ஒன்றையொன்றோ கீழிருக்கும் உலோகத் தகட்டையோ தொட்டுக்கொண்டிருக்கும். கிளிப்பில் கரி படிந்திருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். பொம்மையிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஆகாது.

என்ன நிறம் அடிக்கலாம்?

பச்சை தவிர எதுவும்.

மரத்தில் மாட்டிக்கொண்டது. ஏறலாமா?

உயரமான மரம் என்றால் விட்டுவிடுங்கள். மின்கம்பி என்றால் கிட்டேயே போகாதீர்கள், குச்சியால் தட்டுவதும் கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: சார், அங்கிருந்து வருபவர்களிடம் மோட்டார் கொடுத்தனுப்பச் சொல்லலாமா? இல்லையென்றால் பட்டாசு மருந்தை வைத்து நாங்களே செய்துகொள்கிறோம்.

இரண்டும் வேண்டாம், சார். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. இந்தியாவில் கரும்பொடி வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. பட்டாசு மருந்தை இடிப்பதில் கை போனவர்கள் உண்டு. உண்மையில் இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அதைத் தடுக்கத்தான். 1957இல் ஸ்புட்னிக் பறந்த காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டிலேயே மருந்து கலந்து காயப்பட்டார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், ராக்கெட் சோதனைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் இருவரும் சேர்ந்து, ஒருமுறை எரிந்தால் தூக்கிப் போடும் தொழிற்சாலை மோட்டாரைப் பரப்பினார்கள். வெர்ன் எஸ்டெஸ் அதை இயந்திரத்தில் வரிசையாகச் செய்து காட்டினார்.

உங்களுக்குத் தண்ணீர் ராக்கெட் அருமையாகப் பொருந்தும். சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். குடிதண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அடைப்பானில் சைக்கிள் வால்வு, நீளமான குழாயுடன் பம்பு. அட்டைத் துடுப்புகளை டேப்பால் ஒட்டுங்கள், மூக்கில் கொஞ்சம் களிமண். மேலே சொன்ன நூல் சோதனை இதற்கும் பொருந்தும், தண்ணீர் இல்லாமல் காலி பாட்டிலாகவே சுற்றிப் பாருங்கள். வகுப்பில் தண்ணீர் அளவை மட்டும் மாற்றி மாற்றி ஏவச் சொல்லுங்கள். எந்த அளவில் அதிக உயரம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பம்பு அடிப்பவர் தவிர மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும், அடிப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.