தாய்மாமன் சொல்லும் வாழ்த்து

கேள்வி: ஆவணியில் என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர். கேக் வெட்டியதும் ‘டோஸ்ட்’, அதாவது குவளையை உயர்த்தி மணமக்களுக்கு வாழ்த்து, சொல்லும் பொறுப்பைத் தாய்மாமனான என்னிடம் தந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் இல்லை. 2011 வெள்ளத்தில் அம்மம்மாவின் மருந்துகளைச் சீலைத்துண்டில் முடிந்து, தலைக்கு மேலே பிடித்தபடி தண்ணீருக்குள் நடந்த பிள்ளை அவள். அவளை என்ன சொல்லி வாழ்த்துவது?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: என்ன சொல்வது என்று கேட்கும்போதே சொல்ல வேண்டியதையும் எழுதிவிட்டீர்கள், ஐயா. மட்டக்களப்பில் அந்தத் தை மாத வெள்ளத்தை மறந்தவர்கள் குறைவு என்பதால் தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நாள் வடியாமல் நின்றது என்றெல்லாம் விளக்காமல், அந்தச் சிறுமி மருந்து முடிச்சோடு நடந்ததை மட்டும் நீங்கள் கண்டபடியே சொல்லுங்கள். கெட்டிக்காரி, குணவதி, பொறுப்பானவள் என்ற சொற்களை எந்த மணமகளுக்கும் சொல்லிவிடலாம். இது உங்கள் மருமகளுக்கு மட்டுமே உரியது.

அடுத்து மாப்பிள்ளை. பெண் வீட்டார் பேசும்போது பெண்ணைப் பற்றியே பேசி அமர்ந்துவிடுவதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன். நமது பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கு வந்து வாழ்வதே நெடுநாள் வழக்கம். ஆகவே தாய் வீட்டை விட்டு வருகிறவர் அவர்தான். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவரைப் பெற்றவர்களின் முகத்தைப் பார்த்து, ‘இனி இது உங்கள் மகனின் வீடும்தான்’ என்று சபையறியச் சொல்வதற்குத் தாய்மாமனைவிடப் பொருத்தமானவர் யார்?

சீதனம், செலவு, முன்பு பேசிக் கைவிட்ட சம்பந்தங்கள் ஆகியவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள். மூன்று நிமிடம் போதும். எழுதியதை வாய்விட்டு வாசித்து மணிக்கூட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குவளையில் வைன்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முஸ்லிம் நண்பர்களும் விரதகாரரும் வரும் சபையில் எல்லாருக்கும் தோடம்பழச் சாறு ஊற்றுவதே நல்லது. நீங்கள் ஒலிவாங்கியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே ஒவ்வொரு மேசைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மண்டபக்காரரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பேசி முடித்த பிறகு ஊற்றத் தொடங்கினால் வாழ்த்து ஆறிப்போய்விடும். முடிவில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, குவளையை உயர்த்தி, இருவருடைய பெயரையும் சேர்த்து ‘வாழ்க’ என்று சபை திருப்பிச் சொல்லக்கூடிய சிறு வரியாகச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னதும் எல்லாருமாக ஒரு மிடறு அருந்தலாம். மணமக்கள் மட்டும் அப்போது அருந்தாமல் அமர்ந்திருப்பார்கள், தமக்குச் சொல்லும் வாழ்த்துக்குத் தாமே அருந்துவது முறையல்ல என்பதால். இதை மருமகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.