துனி ஆடிய கைக்குப் போக்கர்

கேள்வி: மைத்துனர் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி போக்கர் ஆடுகிறார்கள். எனக்கு நம் டர்பன் சீட்டாட்டமான துனி மட்டும்தான் தெரியும். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சீட்டைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. துனியில் கைக்கு வந்த 6 சீட்டையும் ஆடித்தான் தீரவேண்டும்; கை மோசமென்றால் எதிரே இருக்கும் பார்ட்னர் தாங்குவார். போக்கரில் பார்ட்னர் இல்லை, ஆனால் ‘ஃபோல்ட்’ என்று சொல்லி விலகிக்கொள்ளலாம். நம் ஆட்கள் இதைத்தான் செய்ய மறுக்கிறார்கள். விலகுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, 7-ஐயும் 2-ஐயும் வைத்துக்கொண்டு கடைசிவரை காசு போடுகிறார்கள். பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

வீடுகளில் பெரும்பாலும் டெக்சஸ் ஹோல்டெம்தான். துனிக்கு 24 சீட்டு, இதற்கு முழுக் கட்டு, 52. துனியில் உச்சமான ஜாக்கின் அதிகாரம் இங்கே செல்லாது, ஏஸ்தான் உச்சம். ட்ரம்ப்பும் (துருப்பு) கிடையாது. டீலருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் சீட்டு வருவதற்கு முன்பே ‘பிளைண்ட்’ என்ற கட்டாயப் பணம் போடுவார்கள். ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துத் தருவார்கள், ஒரு சுற்றுப் பந்தயம். அப்புறம் மேசை நடுவே 3 சீட்டு திறப்பார்கள், பிறகு 1, இன்னும் 1. ஒவ்வொரு முறையும் பந்தயம் உண்டு. மொத்தம் 7 சீட்டில் சிறந்த 5 உங்கள் கை.

கேள்வி: ஸ்ட்ரெய்ட் பெரிதா, ஃப்ளஷ் பெரிதா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: ஃப்ளஷ். ஸ்ட்ரெய்ட் என்றால் எண் வரிசையாக 5 சீட்டு; ஃப்ளஷ் என்றால் ஒரே சின்னத்தில் 5; ஃபுல் ஹவுஸ் என்றால் ஒரே மதிப்பில் 3, கூடவே ஒரு ஜோடி. 5 சீட்டுக் கை சுமார் 26 லட்சம் விதமாக வரலாம். அதில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744. எது அரிதோ அதற்கே மதிப்பு.

கேள்வி: ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது, திறக்க ஒன்றுதான் பாக்கி. காசு போடலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நடுவில் கிடக்கும் பணத்தை எண்ணுங்கள். 80 ரேண்ட் இருக்கிறது, எதிராளி 20 போடுகிறார் என்று வையுங்கள். உங்கள் கண்ணில் படாத சீட்டு 46. உங்களுக்கு வேண்டிய சின்னத்தில் 9 மிச்சம். ஏறக்குறைய 5 தடவைக்கு 1 தடவை வரும். நாலு தடவை தவறினால் 80 போகும், ஒரு தடவை வந்தால் 100 கிடைக்கும். தாராளமாகப் போடுங்கள். அவரே 80 போட்டால்? 160-ஐப் பிடிக்க 320 கரையும். ஃபோல்ட்தான். மேசையில் ஜோடி கிடந்தால் இன்னும் கவனமாக இருங்கள். எதிராளி கையில் ஃபுல் ஹவுஸ் இருக்கலாம், அதன் முன் உங்கள் ஃப்ளஷ் நிற்காது.