கூகுளின் வேகச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸில் நூற்றுக்கு 95 வருகிறதே, அதற்கு மேலும் ரியல் யூசர் மானிட்டரிங் எதற்கு? எப்படி அமைப்பது?

எனக்கும் 95 வந்தது. பாளையங்கோட்டையில் ஃபைபர் இணைப்பு, நல்ல லேப்டாப். பத்தமடைப் பாய் விற்கும் ஒரு அண்ணாச்சிக்குச் செய்து கொடுத்த தளம். ஒரு மாதம் கழித்து, பாபநாசம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் யாருக்கோ தளத்தைத் திறந்து காட்டப் போய்விட்டு அங்கிருந்தே கூப்பிட்டார்: "என்ன தம்பி, படம் வரதுக்குள்ள பாயே பின்னிரலாம் போலிருக்கே!"

லைட்ஹவுஸ் மெதுவான 4ஜி போலப் பாவனை செய்யும்தான். ஆனால் அது கேஷ் (முன்பே இறக்கி வைத்த கோப்புகள்) காலியாக இருக்கும் ஒரு பிரௌசரில் ஒரு பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பதோடு சரி, உள்ளே யாரும் எதையும் தொடுவதில்லை. வருகிறவர்களின் போனிலேயே அளந்தால்தான் உண்மை தெரியும், அதுதான் ரியல் யூசர் மானிட்டரிங்.

முதலில் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். குரோம் பயனர்களின் கடந்த 28 நாள் அளவு இருந்தால் மேலேயே காட்டும், இலவசம். கூட்டம் குறைவான தளத்துக்கு எதுவும் வராது, எங்களுக்கும் வரவில்லை. அப்புறம்தான் சொந்தமாக அமைத்தோம்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. கூகுளின் வெப்-வைட்டல்ஸ் லைப்ரரியைப் பக்கத்தில் சேர்த்து, அது தரும் எல்சிபி (பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம்), ஐஎன்பி (தொட்டால் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரம்), சிஎல்எஸ் (பக்கத்தில் உள்ளவை திடீரென இடம் மாறிக் குதிக்கும் அளவு) ஆகியவற்றை, பின்னணியில் தகவல் அனுப்பும் பிரௌசர் வசதியான சென்ட்பீக்கன் மூலம் உங்கள் சர்வருக்கே அனுப்பி, எந்தப் பக்கம், போனா கணினியா, எந்த மாதிரி நெட்வொர்க் என்பதோடு ஒரு டேபிளில் எழுதி வைத்தால் போதும். நெட்வொர்க் விவரத்தை ஐபோன் தராது, குரோம் வகையறாதான் தரும். வாடிக்கையாளர் பெயர், போன் எண், ஆர்டர் எண் ஒட்டிய முழு முகவரி எதையும் சேமிக்காதீர்கள்.

நான் சறுக்கியது எப்போது அனுப்புவது என்பதில். வீம்புக்கு லைப்ரரி இல்லாமல் கையால் எழுதி, பக்கம் மூடும்போது பிரௌசர் எழுப்பும் அன்லோடு நிகழ்வில் அனுப்பும்படி வைத்தேன், பாதி அளவுகள் வந்து சேரவே இல்லை. போனில் யார் பக்கத்தை மூடுகிறார்கள்? வாட்ஸ்அப்புக்குத் தாவுவார்கள், அப்புறம் எப்போதோ பிரௌசரையே மொத்தமாகத் தள்ளி மூடிவிடுவார்கள், அன்லோடு ஓடாமலே போய்விடும். பக்கம் கண்ணிலிருந்து மறையும் கணத்தைச் சொல்லும் விசிபிலிட்டிசேஞ்ச்தான் நம்பகமானது. ஐஎன்பியும் சிஎல்எஸும் பக்கம் திறந்திருக்கும் வரை மாறிக்கொண்டே இருப்பவை, அதனால் லைப்ரரியும் அந்தக் கணத்தில்தான் முடிவு சொல்லும்.

பார்க்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள். நூறு வருகையை வேகமானதிலிருந்து வரிசையாக அடுக்கினால் 75ஆவது ஆளுக்கு எல்சிபி 2.5 வினாடிக்குள், ஐஎன்பி 200 மில்லிவினாடிக்குள், சிஎல்எஸ் 0.1க்குள் இருக்க வேண்டும். முதல் தொடுதலின் தாமதத்தை மட்டும் அளந்த எஃப்ஐடி பற்றிப் பேசும் பழைய பாடங்களை விட்டுவிடுங்கள், 2024 மார்ச்சில் அதன் இடத்துக்கு ஐஎன்பி வந்துவிட்டது.

பக்கவாரியாகப் பிரித்ததும் குட்டு வெளிப்பட்டது. முகப்பு நன்றாகத்தான் இருந்தது, பாய்ப் பக்கங்கள்தான் இழுத்தன. எந்தப் படம் தாமதமாகிறது என்பதை லைப்ரரியின், காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் அட்ரிபியூஷன் வடிவம் காட்டிக்கொடுத்தது: அண்ணாச்சி கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படம், அதற்கு மேல் நான் வைத்த லேசி லோடிங் (திரைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் படத்தை இறக்கும் முறை). முதலில் தெரிய வேண்டிய படத்துக்கே லேசி லோடிங் வைத்தது முழுக்க என் தப்பு.

ஒரு எச்சரிக்கை. சரிசெய்த பிறகு அளவு மோசமானால் பதறாதீர்கள். யூடியூபில் ஒருமுறை வீடியோ பக்கத்தை 1.2 எம்பியிலிருந்து 100 கேபிக்குள் சுருக்கியபோது சராசரி நேரம் கூடியது, ஏனென்றால் அதுவரை திறக்கவே முடியாதவர்கள் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். அதனால் வருகை எண்ணிக்கையையும் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கும் சேவை, தினம் சில நூறு பேர் வரும் தளத்துக்கு வேண்டாம் என்பேன். கூட்டம் பெருகினால் பத்தில் ஒருவரை மட்டும் அளந்தால் போதும். அண்ணாச்சி இன்னும் படத்தை அப்படியேதான் ஏற்றுகிறார், சர்வரில் நான் சுருக்கிக்கொள்கிறேன்.