கடலில் மைக்ரோபிளாஸ்டிக் (ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்) ஆய்வுக்குச் சாதாரண ஆட்கள் உதவுவதால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை பெயருக்குத்தானா?

பயன் உண்டு. எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆய்வாளர்களிடம் கருவி இருக்கும், ஊர் ஊராகப் போக ஆள் இருக்காது. தோக்கியோவில் ஹிதேஷிகே தகாதா என்ற பேராசிரியர் 2005-இல் இதற்கு ஒரு வழி பிடித்தார். உங்கள் ஊர்க் கடற்கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக் குருணைகளைப் பொறுக்கித் தபாலில் அனுப்புங்கள் என்று உலகம் முழுக்கக் கேட்டார். குடம், பை, குழாய் எல்லாம் செய்ய மூலப்பொருளாகக் கப்பலில் வருபவை அந்தக் குருணைகள். பார்க்க அசல் ஜவ்வரிசி.

பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த ரசாயனம்), டி.டி.டி. (பூச்சிக்கொல்லி) போன்ற நஞ்சுகள் தண்ணீரில் எளிதில் கரையாது, பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பிடி குருணையைச் சோதித்தாலே அந்தக் கடலில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அனுப்புகிறவர் செய்ய வேண்டியது, சோப்புப் போட்டுக் கை கழுவி, நூறு குருணையாவது பொறுக்கி, அலுமினியத் தாளில் மடித்துக் காகித உறையில் போடுவதுதான். மஞ்சளாகிப்போனவை இன்னும் நல்லது. நாள்பட்டவற்றில் நஞ்சு அதிகம். 2009-இல் 17 நாடுகளின் 30 கடற்கரைகளுக்கு முடிவு வெளியானது. டி.டி.டி.யை அமெரிக்கா 1972-லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் அது அதிகம் இருந்த இடங்களில் அமெரிக்க மேற்குக் கரையும் ஒன்று!

தண்ணீரை மொண்டு அனுப்புவது வேறு கதை. அட்வெஞ்சர் சயன்டிஸ்ட்ஸ் என்ற அமைப்புக்காகப் பாய்மரப் படகுக்காரர்களும் முக்குளிப்பவர்களும் லிட்டர் லிட்டராகக் கடல்நீர் பிடித்துக் கொடுத்தார்கள். 2018-இல் வந்த முடிவில் 1,393 மாதிரிகள். கிடைத்த துகள்களில் 91 சதவீதம் நுண்ணிழை. துகள் பிடிக்க ஆய்வாளர்கள் கடலில் இழுக்கும் வலையில் நழுவிப்போகும் இழைகள் பாட்டிலில் சிக்குவதால் இது பெரிய லாபம். சிக்கல் என்னவென்றால், பிடிப்பவர் போட்டிருக்கும் சட்டையிலிருந்தும் இழை உதிரும். புதிதாக வருகிறவர்களுக்குக் குருணைதான் என் சிபாரிசு.

2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கேரளக் கடலில் மூழ்கி, குமரிக் கரையெல்லாம் குருணை ஒதுங்கியபோது நானும் அள்ளப் போனேன். மண்ணோடு அள்ளி வாளித் தண்ணீரில் கொட்டினால் மணல் அடியில் தங்கும், குருணை மிதக்கும். டீ வடிகட்டியால் எடுத்துவிடலாம். எத்தனை மூட்டை சேர்ந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு அள்ளினோம் என்று குறித்து வைத்தவர் என் கண்ணில் படவில்லை. சுத்தம் செய்ய மூட்டைக் கணக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது.

அதனால் நீங்கள் இறங்குவதாக இருந்தால், ஏற்றம் வந்து வடிந்த கோட்டில் ஒரே இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம், ஒன்றுமே கிடைக்காத நாளில் பூஜ்யம் என்றும் எழுதி அனுப்புங்கள். அந்தப் பழைய கணக்கு இல்லாவிட்டால், அடுத்த கப்பல் கவிழும்போது எது புதிதாக வந்தது, எது முன்பே கிடந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.