பீசோ டயஃப்ரம் (மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் தகடு) கொண்ட கணினி மாடலில் நீரின் அழுத்தம் 37 பார் என்று வருகிறது, எங்கே தவறு?

நீங்கள் கொடுத்த அளவுகள்: மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய 27 மி.மீ. பஸ்ஸர் வட்டு (பித்தளை 0.25 மி.மீ., மேலே 20 மி.மீ. விட்டத்தில் பீங்கான் 0.25 மி.மீ.), 24 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. உயரமும் உள்ள மூடிய அறை. நீர் இல்லாமல் ஓட்டியபோது நடுவில் கிடைத்த 5 மைக்ரான் விலகலை அப்படியே சுவரின் அசைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். தவறு அங்கேதான். நீர் திருப்பித் தள்ளினாலும் டயஃப்ரம் பின்வாங்க வழியில்லை.

மென்பொருளைத் திறக்கும் முன் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். விளிம்பு இறுகிய வட்டத் தகடு ஒதுக்கும் கனஅளவு πa²w/3 (a ஆரம், w நடுவிலகல்), இங்கே 0.75 மைக்ரோலிட்டர். அறையின் கொள்ளளவு 452 மைக்ரோலிட்டர். நீரின் பருமக் குணகம், அதாவது அமுக்கத்துக்கு அது காட்டும் விறைப்பு, 2.2 ஜிகாபாஸ்கல். முதல் கனஅளவை இரண்டாவதால் வகுத்து இந்தக் குணகத்தால் பெருக்கினால் உங்கள் 37 பார் வந்துவிடும்.

இப்போது யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பாஸ்கலுக்கு நீர் சுருங்குவது 2×10⁻¹⁶ கனமீட்டர். டயஃப்ரத்துக்கு πa⁶/192D (D தகட்டின் வளைவு விறைப்பு); இரண்டு அடுக்கையும் சேர்த்து 80 ஜிகாபாஸ்கல் யங் குணகம் கொண்ட ஒரே தகடாக எடுத்தால் சுமார் 5×10⁻¹⁴. அதாவது டயஃப்ரம் நீரைவிட 250 மடங்கு நெகிழ்வானது. ஆகவே உண்மையான அழுத்தம் 14 கிலோபாஸ்கல் அளவுதான், 0.14 பார். ஓர வளையத்தில் பித்தளை மட்டுமே இருப்பதால் இதைவிடவும் சற்றுக் குறையும். திரவமும் தகடும் ஒன்றையொன்று தள்ளுவதைக் கணக்கிடும் இருவழி இணைப்பு (டூ-வே எஃப்.எஸ்.ஐ.) இல்லாத மாடலில் இந்த எண் வரவே வராது.

காற்றுக் குமிழியையும் மறக்காதீர்கள். கடுகளவு, 5 மைக்ரோலிட்டர் குமிழி ஒன்று டயஃப்ரம் அளவுக்கே விட்டுக்கொடுக்கும், அழுத்தம் பாதியாகிவிடும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு நிரப்புங்கள்.

மாடலில் கவனிக்க வேண்டியவை சில. அச்சுச்சமச்சீர் 2டி (நடு அச்சைச் சுற்றிச் சுழலும் பாதிக் குறுக்குவெட்டு) போதும், 3டி வீண் செலவு. போலிங் திசை (பீங்கான் மின்முனைவாக்கப்பட்ட திசை) தடிமன் வழியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண 2டி-யில் வரைந்தால் அது திரைக்குச் செங்குத்தாகப் போய்விடும். பீங்கானின் வகை தெரியாவிட்டால் மல்டிமீட்டரில் மின்தேக்கம் அளந்து பாருங்கள்: 19 நானோஃபாரட் அளவென்றால் பி.இசட்.டி-5ஏ மதிப்புகளையும், 38 அளவென்றால் 5எச் மதிப்புகளையும் போடலாம். மூடிய அறைக்கு அமுங்காத திரவம் என்று தேர்ந்தெடுத்தால் தீர்வு குவியாது. ஒன்று அமுங்கும் திரவம் வேண்டும், அல்லது ஒரு வாய் திறந்திருக்க வேண்டும். திரவத்துக்கும் தகட்டுக்கும் தனித்தனி சால்வர் (தீர்க்கும் நிரல்) என்றால் தகட்டோடு சேர்ந்து அசையும் நீரின் கூடுதல் நிறையால் கணக்கு வெடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் திருத்தத்தில் எவ்வளவு பங்கை ஏற்பது என்று சொல்லும் தளர்வுக் காரணியை 0.2 அளவுக்கு இறக்குங்கள், இல்லையேல் இரண்டையும் ஒரே அணியில் தீருங்கள்.

பிறகு 1 மி.மீ. துளையும் 10 மி.மீ. நீளமும் உள்ள வாய் ஒன்றைத் திறந்தால், அந்த நீரின் நிறையும் டயஃப்ரத்தின் நெகிழ்வும் சேர்ந்து 195 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வு தரும். அங்கே ஒரு சுழற்சிக்கு 40 படிகளாவது, அதாவது 125 மைக்ரோவினாடிப் படி வேண்டும். பாகுநிலையை 20 டிகிரி மதிப்பில் விடாதீர்கள்; மதுரை மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரி இருந்தால் அது 1.0 அல்ல, 0.72 மில்லிபாஸ்கல்-வினாடி. பாகுநிலை ஆளும் சுவரோர எல்லைப்படலம் அப்போது 34 மைக்ரான்தான். அதற்குள் நாலைந்து மெஷ் (கணக்கீட்டு வலை) அடுக்கு வையுங்கள்.

விளிம்புதான் அதிகம் ஏமாற்றும். சிலிக்கான் பசையில் ஒட்டிய வட்டு இறுகிய விளிம்பு ஆகாது. விளிம்பு சும்மா தாங்கப்பட்டிருந்தால் அதே அழுத்தத்துக்கு நடுவிலகல் 4 மடங்கு. மாடலில் ஒரு முறை அப்படி, ஒரு முறை இப்படி ஓட்டுங்கள். உங்கள் சாதனம் இடையில் எங்கோ இருக்கும்.

சரிபார்க்க விலையுயர்ந்த சென்சார் தேவையில்லை. வாயில் 1 மி.மீ. உள்விட்டக் கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகச் செருகி, நீரை அதன் பாதிவரை ஏற்றுங்கள். 5 மைக்ரான் விலகலுக்கு உரிய டி.சி. மின்னழுத்தம் கொடுத்தால் நீர்மட்டம் கிட்டத்தட்ட 1 மி.மீ. நகர வேண்டும். வெயிலில் நீர் ஆவியாகி மட்டம் மெல்ல இறங்கும். ஆகவே மின்சாரம் போட்டதும் வரும் தாவலை மட்டும் அளவுகோலில் குறியுங்கள். தாவல் குறைந்தால் பசை, விளிம்பு, பீங்கான் மதிப்பு இவற்றில் கோளாறு. தாவல் சரியாக இருந்தும் மூடிய அறையில் அழுத்தம் குறைந்தால் உள்ளே காற்று நிற்கிறது.